காமிக்ஸ் ஒரிஜினல் பக்கம் வாங்கப்போகிறீர்களா? பென்சில் கோடு முதல் சுங்க வரி வரை

அச்சான பழைய காமிக்ஸுக்கு விலைப் பட்டியல் உண்டு. பத்துக்கு இத்தனை என்று தரம் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தப் புத்தகம் அச்சாவதற்காக ஓவியர் அட்டையில் கையால் வரைந்த ஒரிஜினல் பக்கத்துக்கு இந்த இரண்டுமே கிடையாது. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒரே ஒரு தாள். நியாய விலை எது, தாள் அசல்தானா, விற்பவருக்கு அதை விற்கும் உரிமை உண்டா என்ற மூன்றையும் வாங்குபவரேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில். நான்காவது இடம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத கூடுதல் செலவுகள்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சந்தையை வைத்து. வாங்கல் விற்றலும் பழைய விலைப் பதிவுகளும் அங்கேதான் அதிகம். ஐரோப்பியப் பக்கங்களுக்குப் பொருந்தாத இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. தாளில் யார் யார் கை பட்டிருக்கிறது என்று பாருங்கள்

சாதாரண அமெரிக்கப் பக்கம் பிரிஸ்டல் என்ற கெட்டியான வரைதாள் அட்டையில், 11-க்கு 17 அங்குல அளவில் இருக்கும். படம் அடைக்கும் இடம் 10-க்கு 15. ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் அதன் மேல் மை போடுவார், மூன்றாமவர் வசனம் எழுதுவார். வண்ணம் இந்தத் தாளில் இருக்காது; அது தனி வேலை. கறுப்பு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து "கலர் எங்கே?" என்று கேட்க வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்த்தால் மேல் விளிம்பில் இதழின் பெயர், எண், பக்க எண் எழுதியிருக்கும். கறுப்பு அடைக்க வேண்டிய இடங்களில் பென்சிலில் சின்னப் பெருக்கல் குறிகள் தெரியும். மை போடுபவருக்குப் பென்சில்காரர் விட்ட குறிப்பு அது. தப்பிய கோட்டின் மேல் வெள்ளைப் பெயின்ட் பூசியிருப்பார்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்த இடம் மேடாகத் தெரியும். முகப்புப் பக்கமாக இருந்தால் கதைத் தலைப்பைப் புகைப்பட நகல் எடுத்து ஒட்டியிருப்பார்கள். பசை பழுத்து அந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கறை இருக்கும். புதியவர்கள் இதையெல்லாம் குறை என்று நினைக்கிறார்கள். வேலைக்குப் போய்வந்த தாளின் அடையாளங்கள் இவை.

இதே "ஒரிஜினல்" என்ற பெயரில் வேறு பலதும் விற்பனைக்கு வரும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். புத்தகத்தில் அச்சான பக்கம் ஒன்று. ரசிகர் கேட்டு வரைந்து வாங்கிய கமிஷன் இன்னொன்று. பழைய புகழ்பெற்ற இதழின் மேலட்டைப் படத்தை அதே ஓவியரோ வேறொருவரோ பிற்காலத்தில் மறுபடி வரைந்த ரீகிரியேஷன் மூன்றாவது. வரைவதற்கு முன் போட்ட சிறிய மாதிரிப் படம், வண்ணம் போடுபவருக்கான கலர் கைடு, அச்சகத்துக்குப் போன புகைப்பட நகல் ஆகியவையும் உண்டு. கலர் கைடு பெரும்பாலும் நகலெடுத்த தாளின் மேல் வண்ணம் பூசியது. கோடு ஓவியர் கையால் போட்டதாக இருக்காது.

பெரிய பொறி புளூலைன். பென்சில் பக்கத்தை ஸ்கேன் செய்து மை போடுபவருக்கு அனுப்புவார்கள். அவர் அதை வெளிர் நீலத்தில் வேறொரு அட்டையில் அச்சிட்டு, அதன் மேல் மை போடுவார். ஆக ஒரே பக்கத்துக்கு இரண்டு தாள்கள்: பென்சில் மட்டும் ஒன்று, மை மட்டும் ஒன்று. மைத் தாளை விற்பவர் விளம்பரத்தில் புகழ்பெற்ற பென்சில்காரர் பெயரைத்தான் முதலில் போடுவார். அந்தத் தாளில் அவர் கை பட்டிருக்கவே இருக்காது. இரண்டையும் சேர்த்து விற்றால் நல்லது. மை மட்டும் என்றால் விலை கணிசமாகக் குறைய வேண்டும். கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அச்சிட்ட நீலம் புள்ளி புள்ளியாகத் தெரியும். நீலப் பென்சிலில் கையால் வரைந்த ஓவியரும் உண்டு. அந்தக் கோடு காகிதத்தின் சொரசொரப்பில் விட்டு விட்டுப் படிந்திருக்கும். நீலத்தைக் கண்டவுடன் ஒதுக்கிவிடாதீர்கள்.

1990களின் நடுவிலிருந்து வசனம் எழுதும் வேலை மெல்ல மெல்லக் கணினிக்குப் போய்விட்டது. அதற்குப் பிந்திய பக்கங்களில் பேச்சுக் குமிழ் இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டாம். முழுவதும் டேப்லெட்டில் வரையும் ஓவியர்களின் விஷயம் வேறு. அங்கே தாள் என்று ஒன்று இல்லை. "உலகில் ஒரே பிரதி" என்று கையெழுத்துப் போட்ட பிரிண்ட் தருவார்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள், பிரிண்ட் விலைக்கு.

2. விலை எதைப் பார்த்து ஏறுகிறது

எண்களைப் பார்த்துவிடலாம். டாட் மெக்ஃபார்லேன் வரைந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 328ஆம் இதழின் அட்டை 2012இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 6,57,250 டாலர். வுல்வரின் முதல்முதலாகத் தலைகாட்டும் 'ஹல்க்' 180இன் கடைசிப் பக்கம் 2014இல் அதே ஏலக்கடையில் அதே 6,57,250 டாலர். ஒரு டாலர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேட்மேன் 'டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' மூன்றாம் இதழின் முழுப்பக்கப் படம் ஒன்று 2011இல் 4,48,125 டாலருக்குப் போனது. அதே தொடரின் முதல் இதழ் அட்டை 2022இல் 24 லட்சம். அதே ஆண்டு ஜனவரியில் மைக் ஸெக் வரைந்த 'சீக்ரெட் வார்ஸ்' 8ஆம் இதழின் 25ஆம் பக்கம், ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை வரும் ஒற்றைப் பக்கம், 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. பிரான்ஸ் பக்கம் போனால், டின்டினின் 'நீலத் தாமரை'க்கு எர்ஜே வரைந்து, பயன்படாமல்போன அட்டை ஓவியம் 2021இல் பாரிஸில் 30 லட்சம் யூரோவைத் தாண்டியது.

இவை உச்சிக்கிளைகள். உங்கள் கைக்கு எட்டும் கிளையும் இதே விதிகளின்படிதான் ஏறுகிறது. வரைந்தவர் யார், மை போட்டவர் யார், நாயகன் உடையோடு தெரிகிறானா, எத்தனை கட்டத்தில் தெரிகிறான், அந்தக் கதைக்கு ரசிகர் மத்தியில் என்ன பெயர் என்பவைதான் அந்த விதிகள். ஒரே இதழுக்குள் சாதாரணக் கட்டப் பக்கம் மலிவு, அரைப்பக்கப் படம் உள்ளது அதற்கு மேல், முழுப்பக்க ஸ்பிளாஷ் அதற்கும் மேல், அட்டை எல்லாவற்றுக்கும் மேல் பல மடங்கு. இரண்டு பேர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசும் பக்கத்தை "அதே ஓவியர், அதே இதழ்" என்று ஸ்பிளாஷ் விலையோடு ஒப்பிட்டு விற்கப் பார்ப்பார்கள். தலையாட்ட வேண்டாம்.

கொரோனாக் காலத்தில் 2020 முதல் 2022 வரை ஏறிய விலையில் ஒரு பகுதி பிறகு இறங்கியது. "விலை ஏறிக்கொண்டே போகிறது, இப்போது விட்டால் கிடைக்காது" என்று ஒரு விற்பனையாளர் அவசரப்படுத்தினால் அந்த மூன்று ஆண்டுப் பதிவை மட்டும் காட்டுகிறாரா என்று பாருங்கள்.

இப்போது வரைந்துகொண்டிருக்கும், இன்னும் பெரிய பெயர் எடுக்காத ஓவியரின் அச்சான பக்கம் 100 முதல் 300 டாலருக்குள் கிடைக்கிறது. முதல் பக்கத்தை அந்த விலையில் வாங்குங்கள். மேலே சொன்ன அடையாளங்களைக் கையில் வைத்துப் பழக அதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.

3. ஒப்பீட்டு விலையை நீங்களே தயாரியுங்கள்

ஹெரிடேஜ் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பழைய ஏல முடிவுகளைப் படத்தோடு பார்க்கலாம். காமிக்லிங்க், காமிக்கனெக்ட் ஏலங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேகரிப்பாளர்கள் தங்கள் பக்கங்களைக் காட்சிக்கு வைக்கும் காமிக் ஆர்ட் ஃபேன்ஸ் தளத்தில் அதே இதழின் மற்றப் பக்கங்கள் யாரிடம் இருக்கின்றன என்று தெரியும்.

குறைந்தது ஐந்து ஒப்பீடுகள் வேண்டும். அதே ஓவியர், அதே தொடர் அல்லது அதே காலம், அதே வகைப் பக்கம். முடிந்தவரை கடந்த மூன்று ஆண்டுகளுக்குள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள். இரண்டு பேர் போட்டிபோட்டு ஏற்றிய ஒரே ஒரு ஏலம் சந்தை விலை ஆகாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஹெரிடேஜ் வெளியிடும் முடிவு விலையில் வாங்குபவர் கட்டணமான பையர்ஸ் பிரீமியமும் சேர்ந்திருக்கும். நீங்கள் ஏலத்தில் கேட்கும் தொகையில் அது சேராது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அடுத்து, கடைத் தளத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை. ஒரு பக்கம் அங்கேயே நான்கு ஆண்டாகக் கிடந்தால், அந்த விலையைச் சந்தை மறுத்துவிட்டது என்று பொருள்.

4. எங்கே வாங்குவது

ஓவியரிடமே வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. அசலா, உரிமை உண்டா என்ற இரண்டு கேள்விகளும் அங்கேயே தீர்ந்துவிடும். ஓவியர்கள் மேசை போட்டு விற்கும் காமிக்ஸ் விழாக்களில் சான் டியேகோ விழா ஜூலையில், நியூயார்க் அக்டோபரில். ஓவியர்களோடு நின்று பேச நேரம் வேண்டுமென்றால் சார்லட் நகரின் ஹீரோஸ் கன்வென்ஷன் மேல். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு நவம்பரில் யார்க்‌ஷயரில் நடக்கும் தாட் பபுள். ஐரோப்பியப் பக்கங்கள் தேடுபவர்களுக்கு இலையுதிர் காலத்தில் இத்தாலியின் லூக்கா; வழக்கமாக ஜனவரியில் நடந்துவந்த பிரான்ஸின் ஆங்குலேம் விழா 2026இல் ரத்தானது, நடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விழாவுக்குப் போனால் முதல் நாள் காலையிலேயே ஓவியர் விற்பனைக்கு வைத்திருக்கும் ஆல்பத்தைப் புரட்டிவிடுங்கள். நல்ல பக்கம் மதியம்வரை இருக்காது. கடைசி நாள் மாலையில் பேரம் படியும், ஆனால் மிச்சம்தான் இருக்கும்.

பல ஓவியர்களுக்கு விற்பனைப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். புதிய இதழ் வெளிவந்ததும் அதன் பக்கங்களை அறிவித்த நேரத்தில் தளத்தில் ஏற்றுவார்கள். முதல் மின்னஞ்சல் யாருடையதோ அவருக்கே. அவர்களின் அஞ்சல் பட்டியலில் சேராமல் இருந்தால் விற்றுப்போன பக்கங்களைத்தான் பார்ப்பீர்கள். பெரும்பாலான வியாபாரிகள் இரண்டு மூன்று மாதத் தவணைக்கு ஒத்துக்கொள்வார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பக்கம் அவர்களிடமே இருக்கும். தவணை தவறினால் முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பொது ஏலத் தளங்களில், மறைந்த பெரிய ஓவியர்களின் பெயரில் சின்னச் சின்னப் பென்சில் ஸ்கெட்ச்கள் மலிவாக வந்துகொண்டே இருக்கும். எந்தப் புத்தகத்திலும் அச்சாகாதது, ஒப்பிட எதுவும் இல்லாதது, "பழைய வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது" என்ற கதையோடு வருவது. போலி செய்பவருக்கு இதைவிடச் சுலபமான பொருள் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் அச்சான பக்கங்களை மட்டும் வாங்குங்கள்.

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லர் பக்கம் ஒன்று வேண்டும் என்ற ஆசை இருக்கும். இத்தாலியில் ஓவியர்களும் அங்குள்ள சிறு கடைகளும் நேரடியாக விற்கிறார்கள், அமெரிக்க சூப்பர்ஹீரோ பக்கங்களை விட விலையும் மென்மை. ஆனால் அந்தச் சந்தையின் பழைய விலைப் பதிவுகள் சிதறிக்கிடக்கின்றன. மூன்றாம் படிக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். 'கேப்டன் டைகர்' என்று நமக்குத் தெரிந்த புளூபெர்ரியின் ஜீன் ஜிரோ பக்கங்களில் மென்மை எதிர்பார்க்க வேண்டாம்.

5. இரண்டு பக்கமும் ஸ்கேன் கேளுங்கள்

கைபேசிப் படம் போதாது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் 300 டி.பி.ஐ. ஸ்கேன், விளிம்புகள் வெட்டுப்படாமல், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து. தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பிறகு அந்த இதழின் அச்சுப் பிரதியையோ நல்ல மறுபதிப்பையோ எடுத்து, கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் தளத்தில் அந்த இதழுக்கு யார் பென்சில், யார் மை என்று இருக்கும். விளம்பரம் சொல்லும் பெயர் அதோடு ஒத்துப்போக வேண்டும். கோடு அச்சோடு பொருந்த வேண்டும், ஆனால் தாளில் அச்சுக்கு வராதவையும் இருக்க வேண்டும்: அழித்த பென்சில் தடம், வெள்ளைப் பெயின்ட், விளிம்புக் குறிப்பு, அச்சில் கட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்ட கோட்டின் மிச்சம். எல்லாமே சுத்தமாக, அச்சில் பார்த்தபடியே இருந்தால் அடியில் விளக்கு எரியும் பெட்டியின் மேல் வைத்து, அச்சைப் பார்த்துத் தடம் எடுத்த பிரதியாக இருக்கலாம்.

அளவு ஒரு நல்ல காவல்காரன். 1967 வாக்கில்தான் அமெரிக்கப் பதிப்பகங்கள் சிறிய அட்டைக்கு மாறின. அதற்கு முந்திய பக்கங்களில் படம் மட்டுமே 12½-க்கு 18½ அங்குலம் இருக்கும். 1964ஆம் ஆண்டுப் பக்கம் என்று 11-க்கு 17 தாள் வந்தால் அது பிற்காலத்தில் வரைந்தது. 1950களிலிருந்து 70கள் வரையிலான பல பக்கங்களின் பின்புறம் 'காமிக்ஸ் கோட்' என்ற தணிக்கை அமைப்பின் ரப்பர் முத்திரை இருக்கும். இருந்தால் நல்ல சாட்சி. இல்லாததால் மட்டும் போலி என்று முடிவு கட்டக் கூடாது. 1940களின் பக்கம் என்றால் புற ஊதா விளக்கில் காட்டச் சொல்லுங்கள். வெண்மையூட்டும் வேதிப்பொருள் அப்போதைய காகிதத்தில் கிடையாது. நீலமாக ஒளிர்ந்தால் தாள் பிற்காலத்தது.

சில பக்கங்கள் சந்தைக்கு வரவே முடியாது. ஸ்பைடர்மேன் அறிமுகமான 'அமேசிங் ஃபேன்டஸி' 15இன் உள்பக்கங்கள் 24ம் 2008இல் பெயர் வெளியிடாத ஒருவரால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. யாராவது அதில் ஒரு பக்கத்தை உங்களுக்கு மட்டும் ரகசியமாகக் காட்டினால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

குறைகளைப் பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள்: தலைப்பு நகல் புதிதாக மாற்றி ஒட்டியதா, குமிழ் உதிர்ந்ததா, விளிம்பு வெட்டியதா, மார்க்கர் பேனாவால் கறுப்பு அடைத்ததா. இந்தியன் இங்க் நிற்கும். மார்க்கர் கறுப்பு ஆண்டுகள் போகப் பழுப்பாகி, பின்பக்கமும் ஊறும். அதற்கு வைத்தியம் இல்லை.

6. யாரிடமிருந்து யாருக்கு வந்தது

எழுபதுகளின் நடுப்பகுதிவரை பெரிய பதிப்பகங்கள் பக்கங்களை ஓவியர்களுக்குத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. கிடங்குகளிலிருந்து காணாமல் போனவை ஏராளம். மார்வெலுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரைந்த ஜாக் கிர்பிக்கு, நீண்ட தகராறுக்குப் பிறகு 1987இல் திரும்பி வந்தவை சுமார் 2,000தான். அந்தக் காலப் பக்கம் வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரின் பழைய ரசீது, முந்தைய ஏலத்தில் அந்தப் பக்கத்துக்குக் கொடுத்த லாட் எண், முன்பு இருந்த கையின் விவரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ரசீதில் "விற்பவருக்கு முழு உரிமை உண்டு, தகராறு வந்தால் பணத்தைத் திருப்புவேன்" என்ற வரி இருக்கட்டும். பளபளப்பான அசல் சான்றிதழ் ஒன்று கூடவே வரும். கொடுத்தவர் யார் என்று தெரியாத சான்றிதழுக்கு அந்தக் காகிதத்தின் விலைதான்.

தாள் உங்களுடையது ஆனாலும் படத்தின் காப்புரிமை உங்களுக்கு வராது. சுவரில் மாட்டலாம், விற்கலாம். பனியனில் அச்சடித்து விற்க முடியாது.

7. மொத்தச் செலவைப் போட்டுவிட்டு ஏலம் கேளுங்கள்

உதாரணமாக, 1,000 டாலருக்கு ஏலம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பையர்ஸ் பிரீமியம் 20 சதவீதம் என்றால் 1,200. சில கடைகளில் அதற்கு மேல், சிலவற்றில் அறவே இல்லை. விதிமுறைப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். காப்பீட்டோடு வெளிநாட்டுப் பார்சல் 120 என்றால் 1,320. அதன் மேல் இறக்குமதி வரி, வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம். இந்தியாவுக்கு வந்து சேரும்போது 1,500 டாலரைத் தாண்டிவிடும். கையில் 1,500தான் இருக்கிறது என்றால் ஏலத்தில் உங்கள் உச்சம் 950. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி கணினிப் பக்கத்தில் ஒட்டிவிட்டு உட்காருங்கள். நேரலை ஏலம் நடக்கும்போது அமெரிக்காவின் பகல் நமக்கு நள்ளிரவு, தூக்கக் கலக்கத்தில் விரல் தானாக அழுத்தும்.

அமெரிக்காவிலேயே இருப்பவர்களுக்கு மாநில விற்பனை வரி சேரும். இங்கிலாந்தில் கையால் வரைந்த ஓவியத்துக்கு இறக்குமதி வாட் 5 சதவீதம். ஐரோப்பிய ஏலங்களில் ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ போகும் மறுவிற்பனைத் தொகையை யார் கட்டுவது என்று முன்பே கேளுங்கள். 50,000 யூரோ வரை அது 4 சதவீதம்.

8. பணம் அனுப்புவது

தெரியாதவருக்கு பேபால் 'நண்பர்கள், குடும்பம்' வழியில் அனுப்பவே கூடாது. கட்டணம் மிச்சம் என்று விற்பவர் கேட்பார். அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. 'பொருள், சேவை' வழியில் அனுப்பினால் 180 நாளுக்குள் புகார் செய்யலாம். தவணை ஆறு மாதத்தைத் தாண்டினால் முதல் தவணையின் பாதுகாப்பு காலாவதியாகிவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இந்திய வங்கியிலிருந்து அனுப்பினால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ-2 படிவம், பான் எண், விற்பவரின் இன்வாய்ஸ் கேட்பார்கள். ஓர் ஆண்டில் ஒருவர் இந்த வழியில் அனுப்ப வரம்பு 2,50,000 டாலர். ஆண்டில் மொத்தம் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இன்வாய்ஸ் வந்த அன்றே வங்கிக்குப் போங்கள். ஏலக்கடைகள் தரும் அவகாசம் குறைவு, தாமதத்துக்கு வட்டி போடுபவர்களும் உண்டு.

9. பார்சலும் சுங்கமும்

சுருட்டிக் குழாயில் அனுப்பச் சம்மதிக்காதீர்கள். பழைய மையும் வெள்ளைப் பெயின்ட்டும் வெடித்து உதிரும். பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஈரம் புகாமல் மூடி, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு நெளியட்டை, ஒன்றின் நெளிவு நெடுக்காகவும் மற்றதன் நெளிவு குறுக்காகவும். அப்போதுதான் மடங்காது. அட்டை பக்கத்தை விட நான்கு புறமும் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கட்டும், மூலை இடிபடுவது அட்டையோடு போகும். உறையின் மேல் நேரடியாக டேப் ஒட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். பிரிக்கும்போது கத்தி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

காப்பீட்டில் ஒரு ஓட்டை. ஃபெடெக்ஸ் போன்ற கூரியரில் கலைப்பொருளுக்கு அறிவிக்கக்கூடிய மதிப்பு 1,000 டாலரோடு நின்றுவிடும். 5,000 என்று எழுதிக் கட்டணம் கட்டினாலும் தொலைந்தால் ஆயிரம்தான். விலை உயர்ந்த பக்கத்துக்கு விற்பவரிடம் தனிக் கலைப்பொருள் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவுக்குள் என்றால் தபால் துறையின் பதிவுத் தபால் மெதுவானது, ஆனால் 50,000 டாலர் வரை காப்பீடு தரும்.

சுங்கப் படிவத்தில் "காமிக்" என்றோ "போஸ்டர்" என்றோ எழுதவிடாதீர்கள். கையால் வரைந்த ஓவியத்துக்குரிய சுங்கக் குறியீடு 9701. அச்சிட்ட படம் 4911. தப்பாக எழுதினால் வேறு வரி, கூடவே விளக்கம் கேட்டுப் பத்து நாள் முடக்கம். இன்வாய்ஸில் "காகிதத்தில் பென்சில், மையால் கையால் வரைந்த அசல் ஓவியம்", ஓவியர் பெயர், வரைந்த ஆண்டு, செலுத்திய தொகை நான்கும் இருக்க வேண்டும். இந்தியாவில் 9701 குறியீட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதம் ஆனது. அடிப்படைச் சுங்க வரி அதற்கு மேல் தனி. கூரியர் நிறுவனம் கே.ஒய்.சி. கேட்கும், பார்சல் கிளம்பிய அன்றே ஆதாரோ பாஸ்போர்ட்டோ பதிவேற்றிவிட்டால் சென்னையில் கிடங்கு வாடகை ஏறாது. பணம் அனுப்பிய வங்கிச் சான்றையும் தயாராக வையுங்கள், மதிப்பில் சந்தேகம் வந்தால் அதுதான் வாயடைக்கும். "பரிசு" என்றோ "50 டாலர்" என்றோ எழுதச் சொல்வது சட்டப்படி தப்பு; தொலைந்தாலும் 50 டாலர்தான் கிடைக்கும்.

வந்ததும் பிரிப்பதையே வீடியோ எடுங்கள். ஏ.சி. அறைக்குள் உடனே பிரிக்காமல், ஒரு நாள் அறை வெப்பத்துக்குப் பழகவிட்டுப் பிரிப்பது நல்லது.

10. வீட்டில் வைப்பது

சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் இடோயா நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறை ஆல்பம் பயன்படுத்துகிறார்கள். 11-க்கு 17 அட்டைகள் சரியாக வெட்டியிருக்காது. 13-க்கு 19 அளவு ஆல்பம் வாங்கினால் மூலை கசங்காது. தனி உறை என்றால் மைலார் (பாலியெஸ்டர் படலம்) அல்லது பாலிஎதிலீன். துணிக்கடைப் பை போல வாடை அடிக்கும் பி.வி.சி. உறை மையைப் பிடித்து இழுத்துவிடும்.

நம் ஊர்க் காற்றில் எதிரிகள் ஈரமும் இராமபாணப் பூச்சியும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது உத்தமம். முந்நூறு ரூபாய் ஈரமானி ஒன்றை ஆல்பத்தின் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோ மழைக்காலத்தில் வியர்க்கும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, கீழ்த் தட்டைத் தவிர்த்து, சிலிக்கா ஜெல் போட்டு, ஐப்பசி கார்த்திகையில் மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

மாட்டுவதென்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அமிலமில்லாத மவுன்ட், கண்ணாடி தாளைத் தொடாத இடைவெளி. கடைக்காரர் பசை போட்டு அட்டையில் ஒட்டிவிடுவார். "ஒட்டக் கூடாது" என்று இரண்டு தடவை சொல்லி, ஆர்டர் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். வெயில் படும் சுவர் வேண்டாம். பென்சில் தடத்தை ரப்பரால் சுத்தம் செய்வது, பழைய நகலைப் பிய்த்துப் புதியதை ஒட்டுவது போன்ற வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

11. பதிவு, விற்பனை, வரி

வந்த வாரத்திலேயே 600 டி.பி.ஐ. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பல ஏ-3 ஸ்கேனர்களில் 17 அங்குலம் முழுதாக அடங்காது. இரண்டு துண்டாக எடுத்து இணைக்க வேண்டியிருக்கும். இன்வாய்ஸ், பணம் அனுப்பிய சான்று, சுங்க ரசீது, விற்பவரின் கடிதம் நான்கையும் ஸ்கேனோடு ஒரே கோப்பில் வையுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் கலைப்பொருளைத் தனியாகப் பெயர் குறித்துச் சேர்க்காவிட்டால் இழப்பீடு கேட்க முடியாமல் போகலாம்.

விற்க நினைத்தால் ஏலக்கடைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பக்கம் போய்ச் சேர வேண்டும்; பணம் வர ஏலம் முடிந்து மேலும் ஒன்றிரண்டு மாதம். விற்பவர் கமிஷன் பேசித் தீர்க்கக்கூடியது. வியாபாரி உடனே பணம் தருவார், ஆனால் அவர் லாபம் போகத்தான். வாங்கி இரண்டு ஆண்டுக்குள் விற்றால் கூடுதல் செலவுகளையே மீட்க முடியாது என்ற கணக்கோடு வாங்குங்கள்.

இந்தியாவில் வீட்டுச் சாமான்களை விற்ற லாபத்துக்கு வரி இல்லை என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். ஓவியங்கள் அந்த விலக்கில் சேராது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. பையர்ஸ் பிரீமியம், பார்சல், சுங்கம் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் வாங்கிய விலை என்று காட்ட அந்த ரசீதுகள் வேண்டும். வெப்பத்தாளில் அச்சான கூரியர் ரசீது இரண்டு கோடையில் வெளுத்துவிடும், அதையும் அன்றே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.